நாலு நிமிடக் கடை

அஸ்மத்துன்னிசாவின் கடைக்குச் சீல் வைக்க ஒரே காரணம், அவள் மேல் எந்தப் புகாரும் இல்லை என்பதுதான்.

தி.நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு எட்டடி இடம். ஒரு தையல் மெஷின், புடவை ஓரம் அடிக்க ஒரு பீகோ மெஷின், சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பதினொரு உரிமங்கள். பதினாலு வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் வரிசையில் நின்று அத்தனையையும் புதுப்பித்து வந்தாள். நடைபாதையில் மொபைல் உறை விற்கும் ஷோயப், "அக்கா, நீ பொறந்ததுக்கே ரெண்டு சர்டிபிகேட் வெச்சிருப்பே" என்று கிண்டல் செய்வான். அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. அவனைத் தேடி யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முருகையன் வந்தார். பொருளாதார சுதந்திரத் தரவரிசை உயர்த்தும் இயக்ககத்தில் உதவி இயக்குநர். கூட மூன்று ஊழியர்கள். ஒருவர் கையில் அரக்கு, ஒருவர் கையில் மெழுகுவர்த்தி. மூன்றாமவர் இந்த இருவரையும் மேற்பார்வை செய்தார்.

"கொஞ்சம் வெளியே வாங்கம்மா."

அவள் வெளியே வந்தாள். ஷட்டர் இறங்கியது.

"இன்னா சார், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் பண்ணல. தி.நகர் பூரா சலிச்சுட்டோம். எல்லாப் பேப்பரும் சரியா இருக்கிற கடை இது ஒண்ணுதான். பெருமைப்படுங்க."

"அப்ப எதுக்கு சீல்?"

முருகையன் பொறுமைசாலி. பையிலிருந்து ஒரு வண்ண வரைபடத்தை எடுத்து அவள் முன் விரித்தார். "உலகத்துல முக்கியமான நகரங்களைப் பொருளாதார சுதந்திரப்படி வரிசைப்படுத்துறாங்க. நாம நாற்பத்தேழாவது. கேக்கவே கூசுதில்ல?"

"எனக்குத் தெரியாது சார். முன்னால இருக்கிற நாற்பத்தாறு பேரு கடைய மூடிக்கினா இருக்காங்க?"

"ஒரு கடை திறக்க எத்தனை நாள் ஆகுதுன்னு அளப்பாங்க. நமக்கு நூத்திப் பதினெட்டு நாள். வியாழக்கிழமை பார்வையாளர் வர்றார். அவர் கண்ணெதிர்ல ஒரே நாள்ல, ஏன், சில நிமிஷத்துல ஒரு கடையைத் திறந்து காட்டணும். புதுக் கடைன்னா ஏதாவது பேப்பர் விட்டுப்போகும். உங்க கடைன்னா பிரச்சினை இல்ல."

"என் கடை தொறந்துதானே கீது!"

"அதாம்மா சிக்கல். திறந்திருக்கிற கடையை எப்படித் திறக்கிறது?"

அரக்கு உருகிப் பூட்டின் மேல் சொட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே, மேஜைக்குப் பக்கத்து அலமாரியில், மயிலாப்பூர் சூடாமணி மாமி வீட்டுக் கல்யாணப் புடவைகள் இருந்தன. ரிசப்ஷன் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாகிவிட்டது. பிளவுஸுக்குக் கொக்கி வைப்பது மட்டும் பாக்கி. ரிசப்ஷன் வியாழன் மாலை ஆறரைக்கு.

"சார், ஒரு பை மட்டும் எடுத்துக்கறேன். கல்யாணப் பொண்ணுது."

"சீல் வச்ச இடத்துல பொருள் எடுக்கணும்னா திறக்கணும். திறந்தா அதுதான் திறப்பு. நேரக் கணக்கு ஓட ஆரம்பிச்சுடும். வியாழக்கிழமை பார்வையாளர் வர்றதுக்குள்ள எழுபது மணி நேரத்துக்கு மேல காட்டும். நாட்டுக்கு நீங்க செய்யிற காரியமா இது?"

மூன்றாவது ஊழியர் சீல் சரியாக விழுந்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.

*

செவ்வாய்க்கிழமை அவள் அடையாற்றில் இருந்த இயக்ககத்துக்குப் போனாள். வாசலில் 'உங்கள் சுதந்திரம், எங்கள் அனுமதி' என்று கண்ணாடி எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே 'தடை நீக்கப் பிரிவு' என்ற கவுண்டருக்கு முன் இரும்புக் கம்பிக் கதவு. அதற்கு ஒரு பூட்டு. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார்.

பக்கத்துக் கவுண்டரில் ஷண்முகப்ரியா என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். இளம் பெண். விண்ணப்பத்தை நீட்டியதும், ஏதோ சூடான பாத்திரம் போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பத்தரைக்கு முன்னாடி இதை நான் தொடவே முடியாதுக்கா."

"ஏம்மா?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க விண்ணப்பத்தை வாங்கின நிமிஷத்துலேர்ந்துதான் எண்ணுவாங்க. அதனால வாங்கறதில்ல. போன வருஷம் இங்க ஒரு விண்ணப்பம்கூடத் தாமதமாகல. ஏன்னா ஒண்ணுகூட வாங்கல. அதுக்கு எங்களுக்கு விருது குடுத்தாங்க." சுவரில் கேடயம் மாட்டியிருந்தது.

"நீங்க முதல்ல மூடல் சான்றிதழ் வாங்கணும். சீல் வச்சா கடை மூடினதா ஆகாது. ஆறு பேர் கையெழுத்து போடணும்."

"மூடறதுக்கு எத்தனை நாளு ஆவும்?"

"அதை யாரும் அளக்கறதில்லக்கா. அதனால அது ஆகறபடி ஆகும்."

தன் கடை செத்துவிட்டதென்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அஸ்மத்துன்னிசா நாள் முழுக்க மாடி ஏறி மாடி இறங்கினாள். முதல் அறையில் இருந்தவர், நன்றாக நடக்கும் கடையை ஏன் மூட வேண்டும் என்று அறிவுரை சொன்னார். மூன்றாவது அறையில், மூடுவதற்கு முன் கடை நிஜமாகவே இருந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஐந்தாவது அறையில், கடை இருந்தது என்ற ஆதாரத்தை ஏன் இணைத்தாய், வியாழக்கிழமை அது புதுக் கடை அல்லவா என்று திட்டி அதைக் கிழித்துப் போட்டார்கள். ஆறாவது கையெழுத்துக்கு அவள் அழ வேண்டியிருந்தது. வேண்டுமென்றே அழுதாள். பாதியிலேயே அது நிஜ அழுகையாகிவிட்டது.

கடைசியாக ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். 'மேற்படி இடத்தில் இதற்கு முன் எந்தக் கடையும் இருந்ததில்லை.'

பேனாவைக் கீழே வைத்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. கடை இருந்ததே இல்லையென்றால், உள்ளே இருக்கும் புடவை?

கைப்பேசி அடித்தது. சூடாமணி மாமி.

"என்னடிம்மா அஸ்மத், புடவை ஆயிடுத்தா? எங்காத்து மனுஷரை அனுப்பி வாங்கிக்கட்டுமா?"

"ஆயிடுச்சு மாமி. கொக்கி ஒண்ணுதான். வியாழக்கிழமை நானே கொண்டாந்து தரேன்."

"வியாழக்கிழமையா! அன்னிக்குத்தாண்டி ரிசப்ஷன். நாலு மணிக்கே மேக்கப் பண்றவா வந்துடுவா. ஷ்ரேயா அந்தப் புடவையைத் தவிர வேற எதையும் கட்டிக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஏதாவது தப்பாச்சோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அஸ்மத்துன்னிசா மாமியைப் பத்து வருடமாக அறிவாள். மாமி சொன்னது மிகையல்ல.

*

சீல் நோட்டீஸின் அடியில் 'வெளி நிபுணர்' என்று ஒரு பெயர் இருந்தது: முனைவர் பத்ரிநாராயணன், கட்டற்ற வணிகச் சிந்தனை மையம், ஆழ்வார்பேட்டை. புதன்கிழமை அங்கே போனாள்.

குளிரூட்டிய அறை. அலமாரி நிறையப் புத்தகம். பத்ரிநாராயணன் எழுந்து நின்று கும்பிட்டார். அரசாங்க ஆள் ஒருவரும் இதுவரை அதைச் செய்ததில்லை. அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"உக்காருங்கோ. நீங்கதான் அந்தத் தொழில்முனைவோரா? உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் முப்பது வருஷமா எழுதறேன். அரசாங்கம் கடைக்காரனைத் தொடவே கூடாது. உரிமம் கூடாது, சோதனை கூடாது, சீல் கூடாது."

"ஐயோ, நல்லாருப்பீங்க சார். அதைத்தான் சொல்ல வந்தேன். என் கடைக்கு சீல் வச்சிக்கீறாங்க."

"தெரியும். நான்தான் சிபாரிசு பண்ணேன்."

அவள் நன்றி சொல்லக் கூப்பிய கையை இறக்கினாள்.

"பாருங்கோ, முப்பது வருஷம் கத்தினேன், ஒருத்தர் காது குடுக்கலை. இந்தத் தரவரிசை வந்ததுக்கப்புறம்தான் அரசாங்கம் எங்களைக் கூப்பிட்டு, அரசாங்கம் தலையிடக் கூடாதுன்னு சொல்றதுக்காக மானியம் குடுக்கறது. இந்தக் கட்டடமே அதுலதான் நடக்கறது. ஒரு கடை நாலு நாள் மூடியிருந்தா என்ன? குறியீட்டெண் ஏறும். ஏறினா மூலதனம் வரும். மூலதனம் வந்தா கடை திறக்கும்."

"என் கடை தொறந்துதான் இருந்துச்சு சார்."

"அது தனிப்பட்ட உதாரணம். நான் சராசரியைப் பத்திப் பேசறேன்."

"ஒரு போன் போட்டுத் தொறக்கச் சொல்லுங்க சார். அஞ்சு நிமிஷம். ஒரு பை எடுத்துக்கறேன்."

பத்ரிநாராயணன் இரு கைகளையும் உயர்த்தினார். "நான் எப்படிச் சொல்றது? அது தலையீடு."

மேஜை மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. மேலே இருந்ததில் பெண்ணின் பெயரை அவள் படித்தாள். பிறகு மண்டபத்தின் பெயரை. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சார், சூடாமணி மாமி உங்களுக்கு..."

"என் ஆத்துக்காரி. ஏன்?"

"ஷ்ரேயா பாப்பா ரிசப்ஷன் புடவை என் கடைக்குள்ளதான் கீது சார்."

பத்ரிநாராயணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"சீல் வச்சது தெரியாது. வச்சவரு யாருன்னும் தெரியாது."

"சொல்ல வேண்டாம். சொல்லவே வேண்டாம்." அவர் கைப்பேசியை எடுத்து இயக்குநர் வேம்புவை அழைத்தார். கொள்கை, விதிவிலக்கு, மனிதாபிமானம் என்றெல்லாம் பேசினார். மறுமுனையில் வேம்பு அவருக்கு அவருடைய அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தையே படித்துக் காட்டினார். 'ஒரு தனிநபரின் வசதிக்காக விதியை வளைப்பதே சுதந்திரத்தின் முதல் எதிரி.'

போனை வைத்தார்.

"நன்னா எழுதியிருக்கேன்" என்றார்.

*

வியாழன் காலை பத்தரைக்கு என்றார்கள். பார்வையாளர் கிண்டியில் ஒரு மதிய விருந்தை முடித்துக்கொண்டு வந்தபோது மணி இரண்டே கால்.

சந்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சுதந்திர விழாவுக்கு இடம் வேண்டுமென்று காலையிலேயே நடைபாதைக் கடைகள் அத்தனையையும் தூக்கிவிட்டார்கள். ஷோயப் தன் மொபைல் உறைகளை ஒரு கோணிப்பையில் கட்டித் தோளில் போட்டபடி ஓரமாக நின்றான்.

"இன்னாக்கா, உனக்கு சுதந்திரம் குடுக்கறாங்கன்னு எனக்கு இருந்ததைப் புடுங்கிட்டாங்க?"

"வாய மூடு நைனா. இங்கயே நில்லு, எங்கயும் போய்டாதே."

பார்வையாளரின் பெயர் அனிருத். முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம். நேராக அஸ்மத்துன்னிசாவிடம் வந்தான்.

"மேடம், இதுக்கு முன்னாடி இங்க கடை ஏதாவது இருந்ததா?"

அவனுக்குப் பின்னால் முருகையன் கண்ணை மூடிக்கொண்டார். இருந்தது என்று சொன்னால் ஷட்டர் இன்று ஏறாது. அவள் ஷட்டரைப் பார்த்தாள். அதன் மேல் பெயிண்ட் உதிர்ந்த எழுத்தில் 'ஆயத் ஃபால்ஸ், பீகோ' என்று இருந்தது. ஆயத் அவள் மகள்.

"இல்ல சார்" என்றாள். "புச்சு."

அனிருத் அந்த எழுத்தைப் பார்த்தான். அப்புறம் படிவத்தைப் பார்த்தான். படிவத்தில் எழுத்துக்கு இடமில்லை. 'புதிது' என்ற கட்டத்தில் குறியிட்டான்.

இயக்குநர் வேம்பு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! சுதந்திரம் என்பது தானாக வருவதல்ல. அதை நாங்கள் தயாரிக்கிறோம். இன்று இந்த எளிய பெண்மணிக்குத் தொழில் செய்யும் சுதந்திரத்தை அளிக்கிறோம். எங்களிடம் அது கையிருப்பில் ஏராளமாக உள்ளது. ஏனென்றால் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. நேற்று வரை இவருக்கு ஒரு கடை இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அது அளக்கப்படாத கடை. அளக்கப்படாத சுதந்திரம் சுதந்திரமா? ஒருவர் நம் அனுமதி இல்லாமல் சந்தோஷமாக இருந்தால், அது எந்த அட்டவணையில் வரும்?"

முன்வரிசையில் பத்ரிநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்று அடிக்க ஐந்து நிமிடம்.

கடைசியில் அனிருத் பொத்தானை அழுத்தினான்.

ஷண்முகப்ரியா பாய்ந்து விண்ணப்பத்தை வாங்கினாள். முத்திரை குத்தினாள். அடுத்தது விரல் ரேகை. அஸ்மத்துன்னிசா கட்டை விரலை வைத்தாள். கருவி சிவப்பு காட்டியது. மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு. பதினாலு வருடம் ஊசி தேய்த்த விரல். வேம்பு நிறுத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.

"இடது கை, இடது கை" என்று ஷண்முகப்ரியா கிசுகிசுத்தாள்.

பச்சை.

கைப்பேசிக்கு ரகசிய எண் வந்தது. முருகையன் சீலை உடைத்தார். ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது. சான்றிதழ், பன்னிரண்டாவது, அவள் கைக்கு வந்தது.

"நாலு நிமிஷம், பதினொரு விநாடி!" என்றான் அனிருத்.

கைதட்டல் வெடித்தது. அஸ்மத்துன்னிசா உள்ளே நுழைந்தாள். புடவைப் பை அலமாரியில் அப்படியே இருந்தது. அதைத் தொட்டபடி நின்று ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள்.

வெளியே அனிருத் வேம்புவிடம் பேசுவது கேட்டது. "சார், ஒரே ஒரு அளவு போதாது. மூணு தடவை அளந்து சராசரி எடுக்கணும்."

"அதனால் என்ன? முருகையன், சட்டப்படி சரியாக இருக்கும் கடைகள் வேறு எத்தனை?"

"ஒண்ணும் இல்ல சார். இது ஒண்ணுதான்."

"அப்படியானால் இதையே மறுபடி மூடிவிடுங்கள். திங்கட்கிழமை செயலாளரும் வருவதாகச் சொன்னார். முதலில் எல்லோரும் போண்டா சாப்பிடட்டும்."

அரக்குக்காரர் போண்டாத் தட்டை நோக்கி நடந்தார். மெழுகுவர்த்திக்காரர் பின்னால் போனார். மேற்பார்வைக்காரர் இருவரையும் கண்காணித்தபடி ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அஸ்மத்துன்னிசா கணக்குப் போட்டாள். ஆளுக்கு ரெண்டு போண்டா. சட்னி தொட்டுச் சாப்பிட்டால் ஆறு நிமிடம்.

"ஷோயப்! கோணியக் கொட்டு! உள்ள வா!"

மொபைல் உறைகள் தரையில் சிதறின. மற்ற புடவைகள் கோணிக்குள் போயின. அளவு பிளவுஸ்கள், கத்திரிக்கோல், நூல் டப்பா, பாபின் பெட்டி. அவள் மண்டியிட்டு மெஷின் தலையின் ஆணிகளைத் திருகினாள். ஒன்று வந்துவிட்டது. மற்றது துருப்பிடித்து முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்துத் திருகினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. பத்ரிநாராயணன். உள்ளே குனிந்து, ஷ்ரேயாவின் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சார்" என்றாள் அவள், ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது தலையீடு இல்லியா?"

"இது தனியார் முயற்சி" என்றார் அவர். "சீக்கிரம். கார் முனையில நிக்கறது."

"அப்ப பையை எங்கிட்ட குடுத்துட்டு இந்தத் தலையப் புடிங்க."

முப்பது வருடம் சந்தையைப் பற்றி எழுதியவர், முதல்முறையாக அதில் ஒரு பாகத்தைத் தூக்கினார். கனமாக இருந்தது. எண்ணெய் அவர் பட்டுச் சட்டையில் வழிந்தது. ஷோயப் பீகோ மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடினான். அவர்கள் முனையைத் தாண்டியபோது பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. உள்ளே எதுவும் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பனகல் பூங்கா அருகே போக்குவரத்து நின்றுவிட்டது. மணி மூன்றரை. பின் இருக்கையில் அஸ்மத்துன்னிசா மடியில் பிளவுஸை விரித்துக் கொக்கி தைத்தாள். பதினாலு வருடத்தில் உரிமம் இல்லாமல் அவள் போட்ட முதல் தையல் அது. வழக்கத்தைவிட நேராக வந்தது.

முன் இருக்கையிலிருந்து பத்ரிநாராயணன் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இதோ, இதுதான்! யார் அனுமதியும் இல்லாம, விற்பவரும் வாங்குபவரும், இடைவெளியில்லாம..." கையை வீசினார்.

"கைய ஆட்டாதீங்க சார். ஊசி கீது."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கார் மயிலாப்பூர் மண்டபத்தில் நின்றது. சூடாமணி மாமி வாசலிலேயே இருந்தாள். புடவையைப் பார்த்தாள். கணவரின் சட்டையைப் பார்த்தாள்.

"இது என்னன்னா, எண்ணெய்?"

"கள ஆய்வு" என்றார் பத்ரிநாராயணன்.

*

நகரம் தரவரிசையில் முப்பத்தொன்றாவது இடத்துக்கு ஏறியது. அறிக்கையின் அட்டையில் அஸ்மத்துன்னிசாவின் படம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். அவள் போய் இடது கட்டை விரலை வைக்கிறாள், ஷட்டர் ஏறுகிறது, கைதட்டுகிறார்கள், ஷட்டர் இறங்குகிறது. இப்போது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. இயக்ககத்துக்கு இன்னொரு கேடயம் கிடைத்தது. மையத்துக்கு இன்னொரு மாடி எழும்பியது.

மெஷின்கள் அவள் வீட்டு முன்னறையில் ஓடுகின்றன. பலகை இல்லை, சுவரில் சட்டம் இல்லை. மாமியின் உறவுக்காரப் பெண்கள் வரிசையாக வருகிறார்கள். போன வாரம் முருகையன் தன் மனைவியின் அளவு பிளவுஸோடு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, எதையும் கேட்காமல் உட்கார்ந்தார். கேட்டால் அந்த இடத்தை அளக்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி விழாவுக்கு அனிருத் மறுபடி வந்திருந்தான். ஷட்டர் ஏறியதும் உள்ளே எட்டிப் பார்த்தான். நான்கு சுவர், அதில் தொங்கும் பழைய உரிமங்கள். ஆணித் துளைகள் மட்டும் மிஞ்சிய ஒரு மேஜை. அவன் படிவத்தைப் புரட்டினான். புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள்.

"மேடம், இந்தக் கடையில என்ன விக்கறீங்க?"

வேம்பு முருகையனைப் பார்த்தார். முருகையன் தரையைப் பார்த்தார். அஸ்மத்துன்னிசாவுக்கு அவசரம். வீட்டில் ஆறு பிளவுஸ் காத்திருந்தன.

"தொறக்கறதுதான் சார்" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

அனிருத் அதை அப்படியே எழுதிக்கொண்டான். கட்டத்துக்குள் சரியாக அடங்கியது.